பந்தயத் திடல் முதல் சிலேத்தார் வரை: ஒரு சிறிய விமான நிலையத்தின் வரலாறும் சொற்களும்

முன்னுரை

இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் இவ்வரிசையில் நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விமான நிலையம். அதுவும் உலகறிந்த சாங்கி அன்று. தீவின் வடகிழக்கில், ஜொகூர் நீரிணைக்கு அருகில், ஒரே ஓர் ஓடுபாதையுடன் இயங்கும் சிலேத்தார். மொழியியல் பயின்றவருக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்ல ஒரு சிறு நிகழ்வைக் குறிப்பிட வேண்டும்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தத்தம் குடும்பத்தின் தொழில் வரலாற்றைத் தமிழில் எழுதி வருமாறு மாணவர்களைப் பணித்தோம். ஒரு மாணவர் ஒரே ஒரு வரி எழுதி வந்தார்: தம் தாத்தா சிலேத்தாரில் 'பேஸில்' வேலை பார்த்தார் என்பதே அவ்வரி. என்ன வேலை, எந்த ஆண்டு, யாருடன், எங்குத் தங்கியிருந்தார் என்று கேட்டோம். ஒன்றுக்கும் விடையில்லை. தாத்தா காலமாகிவிட்டார், தந்தையாருக்கும் தெரியவில்லை. ஒரு மனிதரின் உழைப்பு முழுவதும் 'பேஸ்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போயிருந்தது. அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்பதை விரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

கோயில் விமானமும் வான் விமானமும்

சிங்கப்பூரின் வான்பயண வரலாறு சிலேத்தாரிலோ சாங்கியிலோ தொடங்கவில்லை. அது தமிழர் நாள்தோறும் நடமாடும் லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் தொடங்கியது. சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலை, தன் பெயரை அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பெற்றது. இன்று ஃபேரர் பார்க் என வழங்கும் அத்திடலில் 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் பெல்ஜிய விமானி ஜோசப் கிறிஸ்தியான்ஸ் ஒரு பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தைப் பறக்கவிட்டார். சிங்கப்பூர் வானில் எழுந்த முதல் விமானம் அதுவே.

எட்டாண்டுகளுக்குப் பின், 1919 டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித் குழுவினர் தம் விக்கர்ஸ் விமி விமானத்தை அதே திடலில் இறக்கினர். குதிரைகளுக்குப் போதுமான அத்திடல், இரட்டை எந்திர விமானத்துக்குப் போதவில்லை. ஆகவே இறங்கும் வேளையில் குழுவின் எந்திரப் பணியாளர் பென்னட் தம் இருக்கையிலிருந்து வெளியேறி, விமானத்தின் உடற்பகுதிமேல் வால்புறமாகச் சறுக்கிச் சென்றார். வால் எடை கூடித் தரையை விரைந்து தொட்டது; விமானமும் திடலுக்குள் நின்றது. ஒரு விமானம் எங்கே இறங்கலாம் என்பதை அதன் ஆற்றல் மட்டுமன்றித் தரையின் நீளமும் முடிவு செய்கிறது. பின்வரும் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையின் விரிவே எனலாம்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சியும் உண்டு. பந்தயத் திடலுக்கு அண்மையில், சிராங்கூன் சாலையில், 1855ஆம் ஆண்டு முதல் சீனிவாசப் பெருமாள் கோயில் இருந்து வருகிறது. கருவறையின்மேல் எழும் கட்டட அமைப்பை நம் முன்னோர் 'விமானம்' என்றே வழங்கினர். வடமொழியில் அளத்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இது. அளந்து அமைக்கப்பட்டது என்பது பொருள். இதிகாசங்களில் அதே சொல் வானில் செல்லும் தேரையும் குறித்தது. புட்பக விமானத்தை அறியாத தமிழர் இல்லை. ஆகவே 1911இல் வானில் எந்திரம் ஒன்று எழுந்தபோது, அதற்குரிய பெயர் அருகிலிருந்த கோயிலின் உச்சியிலேயே காத்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்கத்தில் மக்கள் 'ஆகாய விமானம்' என்றனர். கோயில் விமானத்திலிருந்து இதனை வேறுபடுத்த அடைமொழி தேவைப்பட்டது. புதிய பொருள் வலுப்பெற்றதும் அடைமொழி உதிர்ந்தது. இன்று 'விமானம்' என்றால் பறப்பதே முதலில் நினைவுக்கு வருகிறது. 'கோயில் விமானம்' என்பதற்கே அடைமொழி வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லில் முதன்மைப் பொருள் இடம் மாறுவதை மாணவருக்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மலாய் மொழி வேறு வழியில் சென்றது. அம்மொழியில் விமானத்துக்குக் 'காப்பால் தெர்பாங்' என்று பெயர். பறக்கும் கப்பல் என்பது பொருள். அதிலுள்ள 'காப்பால்' தமிழ்க் 'கப்பல்' என்பதிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. நாம் வடசொல்லைக் கொண்டு பெயரிட்ட ஒரு பொருளுக்கு, நம் அண்டை மொழியினர் நம் சொல்லைக் கொண்டு பெயரிட்டனர்! மொழிகளின் கொடுக்கல் வாங்கல் எத்துணை நுட்பமானது என்பதற்கு இது சான்று.

சிலேத்தார்: பெயரும் தளமும்

சிலேத்தார் என்பது முதலில் ஒரு மக்கள் இனத்தின் பெயர். ஜொகூர் நீரிணையின் சதுப்புக் காடுகளிடையே படகுகளையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்த கடல்சார் மக்கள் 'ஓராங் சிலேத்தார்' எனப்பட்டனர். அவர்களது பேச்சு மலாய் மொழியோடு நெருங்கிய உறவுடையது. இன்று அவர்கள் பெரும்பாலும் ஜொகூர்க் கரையில் வாழ்கின்றனர். காலாங் என்னும் பெயரும் அத்தகையதே. காலாங் ஆற்றின் முகத்துவாரத்தில் படகுகளில் வாழ்ந்த 'ஓராங் காலாங்' மக்கள் 19ஆம் நூற்றாண்டில் ஜொகூருக்கு இடம்பெயர்க்கப்பட்டு, 1847இல் பரவிய பெரியம்மையால் ஏறத்தாழ அழிந்தனர். சிங்கப்பூரின் முதல் இரண்டு விமான நிலையங்களும் நீர்மேல் வாழ்ந்த இரு சிறு இனங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மக்கள் அகன்றனர், பெயர் நின்றது.

முதல் உலகப் போருக்குப் பின், கீழைக் கடல்களைக் காக்கப் பிரிட்டன் சிங்கப்பூரில் ஒரு கடற்படைத் தளத்தை அமைக்கத் திட்டமிட்டது. அதற்குத் துணையாக ஒரு வான்படைத் தளமும் தேவைப்பட்டது. ரப்பர்த் தோட்டமும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த சிலேத்தார் தேர்ந்தெடுக்கப்பட்டது. நீரிணை அருகில் இருந்ததால் கடல் விமானங்கள் நீரிலேயே இறங்க முடிந்தது என்பதும் அத்தேர்வுக்கு வலிமை சேர்த்தது.

1928 பிப்ரவரி 28ஆம் நாள் பிரிட்டிஷ் வான்படையின் சவுத்தாம்ப்டன் வகைக் கடல் விமானங்கள் நான்கு, இங்கிலாந்திலிருந்து பல மாதம் பறந்து சிலேத்தாரை அடைந்தன. அக்குழுவே 1929இல் 205ஆம் படைப்பிரிவாக மாறியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1959 மே 15ஆம் நாள், பிரிட்டிஷ் வான்படையின் கடைசிக் கடல் விமானப் பணிப்பறப்பும் இதே சிலேத்தாரிலிருந்து, இதே 205ஆம் படைப்பிரிவின் சண்டர்லாண்ட் விமானத்தால் நிகழ்த்தப்பட்டது. ஒரு வகை விமானத்தின் கீழைநாட்டு வரலாறு இந்த ஒரு கரையிலேயே தொடங்கி முடிந்தது.

தளத்துக்குச் செல்லும் சாலை ஜாலான் காயு. 'காயு' என்றால் மலாய் மொழியில் மரம். தளத்தை வடிவமைத்த பொறியாளரின் பெயர் உட்ஸ் என்றும், ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் அப்பெயரை மலாயில் பெயர்த்தே சாலைக்கு இப்பெயர் இடப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. பின்னாளில் அச்சாலை ரொட்டி பராட்டாவுக்குப் பெயர் பெற்றது. தீவின் மறுகோடியிலிருந்தும் மக்கள் அங்குச் சென்று உண்பர். தளத்துக்குள்ளோ பெயர்கள் வேறு வகையின. பிக்காடிலி, பார்க் லேன், மெய்டா வேல், லாம்பெத் வாக், பேக்கர் ஸ்திரீட் என இலண்டன் மாநகரின் தெருப்பெயர்கள் அங்குச் சூட்டப்பட்டன. ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்தவர்கள் தம் ஊரையே பெயராகக் கொண்டுவந்தனர். அவற்றுள் சில இன்றும் வழக்கில் உள்ளன. அக்காலத்துக் கருப்பு வெள்ளை வீடுகள் சிலவும் எஞ்சியுள்ளன.

புதிய இடத்துக்குப் பழைய ஊர்ப்பெயரைச் சூட்டுவது ஆள்பவரின் வழக்கம். உழைக்க வந்தவர் வழக்கம் வேறு. சிராங்கூன் சாலைப் பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் தமிழர் அதனைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல் தமிழ் நாவில் 'கம்பம்' ஆயிற்று. மூங்கிற்புதரைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த 'தேக்கா' இன்றும் நம் வாயில் இருக்கிறது. அவர்கள் தங்கள் ஊரை இங்குக் கொண்டுவரவில்லை; இங்கிருந்ததைத் தம் மொழிக்குள் கொண்டுவந்தனர்.

பயணிகள் வந்த ஏழாண்டுகள்

சிலேத்தார் படைத்தளமாக இருந்தபோதே, நகருக்கு வேறு விமான நிலையம் இல்லாமையால், பொதுப் பயணத்துக்கும் திறந்துவிடப்பட்டது. 1930 பிப்ரவரி 11ஆம் நாள், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த விமானம் அங்கு இறங்கியது. சிங்கப்பூருக்கு வந்த முதல் வணிகப் பறப்பு அதுவாகும். அதே ஆண்டு மே மாதம், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண்மணி ஏமி ஜான்சன் வழியில் இங்கு இறங்கினார்.

படைத்தளமும் பயணிகள் நிலையமும் ஒன்றாக இருப்பது நெடுநாள் நீடிக்க இயலாது. நகரிலிருந்து தொலைவும் மிகுதி. ஆகவே 1937 ஜூன் 12ஆம் நாள் ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் காலாங் விமான நிலையத்தைத் திறந்து வைத்தார். வட்டமான புல்தரையும் அதன் அருகிலேயே கடல் விமானங்கள் இறங்கும் நீர்ப்பரப்பும் கொண்ட அந்நிலையம் அக்காலத்தில் வியந்து பேசப்பட்டது. ஆயினும் போருக்குப் பின் விமானங்கள் பெருத்தன. காலாங் குறுகியது; 1955 ஆகஸ்ட் 20ஆம் நாள் பாய லேபார் திறக்கப்பட்டது. அகன்ற சதுப்பு நிலம் என்பது அப்பெயரின் பொருள். அதுவும் போதாமல் 1981 ஜூலை முதல் நாள் சாங்கி இயங்கத் தொடங்கியது. காலாங்கின் கட்டடம் மக்கள் கழகத் தலைமையகமாயிற்று. பாய லேபார் வான்படைத் தளமாயிற்று. மூத்ததாகிய சிலேத்தார் மட்டும் இன்றும் பயணிகளை ஏற்றி இறக்குகிறது. இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழரைப் பொறுத்தவரை, இவ்வாண்டுகளில் வான்வழி எட்டாக்கனியே. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு வழியே வந்து சேர்ந்தவர்களே மிகுதி. 1926 முதல் அரை நூற்றாண்டுக் காலம் நம் குடும்பங்களைச் சுமந்த கப்பல் அது. 1954இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கிய பின்னரும், சாதாரணத் தொழிலாளிக்குக் கப்பலே வழி. 1985இல் 'எம்.வி. சிதம்பரம்' தீவிபத்துக்கு உள்ளான பின்னரே அக்கடல்வழி முற்றிலும் முடிவுக்கு வந்தது. தமிழர் சிலேத்தாருக்கு விமானத்தில் வந்து இறங்கவில்லை. அங்கு உழைக்கவே சென்றனர்.

'பேஸ்' என்னும் சொல்

1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது குண்டு வீசின. சிலேத்தாரும் தெங்காவும் அவற்றின் இலக்குகள். நகரின் ராஃபிள்ஸ் பிளேஸ், சைனாடவுன் பகுதிகளிலும் குண்டுகள் விழுந்து உயிர்கள் மாண்டன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் தீவு வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷ் வான்படை திரும்பியது. மலாயாவின் அவசரகாலத்தில் சிலேத்தார் சுறுசுறுப்பான தளமாக விளங்கியது. புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம் பிரிட்டிஷ் வான்படைக்காகச் செய்த கடைசிப் போர்க்காலப் பணிப்பறப்பும் 1954 ஏப்ரல் முதல் நாள் இங்கிருந்தே புறப்பட்டது.

இவை எல்லாம் வான்படை வரலாற்று நூல்களில் உள்ளன. விமானங்களின் எண், விமானியின் பதவி, புறப்பட்ட நேரம் வரை பதிவுகள் உண்டு. ஆனால் அவ்விமானங்கள் நின்ற தரையைச் செப்பனிட்டவர், கொட்டகைகளைத் துப்புரவு செய்தவர், கிடங்கில் கணக்கெழுதிய கிராணி, சமையற்கூடத்தில் அடுப்பெரித்தவர், அதிகாரிகளின் துணி வெளுத்தவர் ஆகியோர் எங்கே? பிரிட்டிஷ் படைத்தளங்களில் வேலை செய்தோருள் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினர். அவர்கள் வாயில் அத்தளங்கள் அனைத்தும் 'பேஸ்' தான். ஆங்கிலச் சொல்லின் கடுமை தேய்ந்து, 'பேஸுக்குப் போறேன்', 'பேஸ் வேலை', 'பேஸ் வீடு' எனத் தமிழ் இலக்கணத்துக்குள் அது குடியேறிவிட்டது. வேற்றுமை உருபு ஏற்றதும் ஒரு கடன்சொல் விருந்தாளி நிலையிலிருந்து வீட்டாளாகிவிடுகிறது.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை விரைந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போது சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளச் செலவைச் சார்ந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது. சிலேத்தாரில் பிரிட்டிஷ் வான்படைத் தளம் 1969இல் மூடப்பட்டது. அந்த ஆண்டே, புதிதாய்ப் பிறந்த சிங்கப்பூர் வான்காப்புப் படையின் விமானிகள் செஸ்னா விமானங்களில் அங்கேயே பயிற்சி தொடங்கினர். ஒரு நாட்டின் வெளியேற்றமும் இன்னொரு நாட்டின் தொடக்கமும் ஒரே ஓடுபாதையில் நிகழ்ந்தன. தளத்தில் உழைத்த இந்தியர் பலர் கையில் கிடைத்த பணிக்கொடையுடன் ஊர் திரும்பினர்; சிலர் வேறு வேலை தேடிக்கொண்டு இங்கேயே தங்கினர். நம் மாணவரின் தாத்தா தங்கியவர்களுள் ஒருவராக இருக்க வேண்டும். அவர் போன்றோரின் நினைவுகள் தமிழில் எழுதப்படவில்லை. படைநூல்கள் அவர்களை எண்ணவில்லை, நாமும் கேட்கவில்லை.

சிறியது எவ்வாறு இயங்குகிறது

பெரிய விமான நிலையம் இருக்கும்போது சிறியது எதற்கு என்னும் கேள்வி இயல்பானது. சாங்கி 2019ஆம் ஆண்டில் 6 கோடியே 83 இலட்சம் பயணிகளைக் கையாண்டது. சிலேத்தாரின் முனையம் ஆண்டுக்கு 7 இலட்சம் பயணிகளுக்கே அமைக்கப்பட்டது. சாங்கியின் ஓடுபாதை 4,000 மீட்டர். சிலேத்தாருடையது, நீட்டிக்கப்பட்ட பின்னும், 1,836 மீட்டர்.

விடை ஓடுபாதையின் நேரக்கணக்கில் உள்ளது. பெரிய விமானம் ஒன்று பறந்து செல்லும்போது தனக்குப் பின்னே காற்றுச் சுழல்களை விட்டுச் செல்லும். அதன் பின்னால் வரும் சிறிய விமானம் அச்சுழலில் சிக்காதிருக்கப் போதிய இடைவெளி விடவேண்டும். மேலும் சுழல்விசிறி பூட்டிய விமானங்கள் வேகம் குறைந்தவை. விரைந்து வரும் ஜெட் விமானங்களின் வரிசையில் அவை நுழைந்தால் வரிசை முழுவதும் தாமதப்படும். எழுபது பேர் செல்லும் விமானமும் முந்நூறு பேர் செல்லும் விமானமும் ஓடுபாதையில் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே சிறியவற்றுக்குத் தனியிடம் ஒதுக்கினால் பெரிய நிலையத்தின் ஆற்றல் பெருகும். சந்தைக்குள் மாட்டுவண்டிக்கும் சரக்குந்துக்கும் ஒரே பாதை கூடாது என்பதைப் போன்றதே இது.

ஏடிஆர் 72 வகை விமானம் ஏறத்தாழ 70 பயணிகளை ஏற்றும். அதற்கு 1,300 மீட்டர் அளவிலான ஓடுபாதையே போதும். தனியார் ஜெட் விமானங்கள், பயிற்சி விமானங்கள் ஆகியவற்றுக்கும் சிலேத்தார் ஏற்றது. 1971இல் தோன்றிய சிங்கப்பூர் இளையர் விமானக் கழகம் இன்று இங்கிருந்துதான் இயங்குகிறது. தொடக்கக் கல்லூரி மாணவர்கள் இந்த ஓடுபாதையிலேயே முதன்முதலில் வானேறுகின்றனர்.

பயணிகளைவிடப் பழுதுபார்ப்புப் பணியே சிலேத்தாருக்கு இன்று பெருஞ்சிறப்பு. 2007இல் அறிவிக்கப்பட்ட சிலேத்தார் விண்வெளித் தொழிற்பூங்கா ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புடையது. அங்கு விமானங்கள் பழுதுபார்க்கப்படுகின்றன; உறுப்புகள் செய்யப்படுகின்றன. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 2012இல் திறந்த வளாகத்தில் பெரிய விமானங்களுக்கான டிரென்ட் எந்திரங்கள் பூட்டப்படுகின்றன; டைட்டானிய விசிறி அலகுகளும் செய்யப்படுகின்றன. சிலேத்தாரில் இறங்க முடியாத பெருவிமானங்களின் இதயம் சிலேத்தாரில் உருவாகிறது என்பது ஒரு நயமான முரண்.

வானத்தின் எல்லை

2018 நவம்பர் 19ஆம் நாள் சிலேத்தாரில் புதிய பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. 8 கோடி வெள்ளி செலவில் எழுந்த அது, பழைய முனையத்தைப்போல் ஆறு மடங்கு பெரியது. சாங்கிக்கு வந்துகொண்டிருந்த மலேசியாவின் ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் விமானங்கள் டிசம்பர் முதல் நாள் தொட்டு இங்கு வருவதாக இருந்தது. ஆனால் வரவில்லை.

சிக்கல் தரையில் இல்லை, வானில் இருந்தது. இறங்கும் விமானத்துக்கு வானொலி அலைகளால் வழிகாட்டும் ஒரு கருவியமைப்பைச் சிலேத்தாரில் நிறுவச் சிங்கப்பூர் முற்பட்டது. அவ்வழியில் விமானம் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்கும்; அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 52 மீட்டர் அளவில் தாழ்ந்து வரும். ஓடுபாதைக்கு 2 கிலோமீட்டர் தொலைவில் அது 100 மீட்டரைச் சற்றே கடந்த உயரத்தில்தான் இருக்கும். வடக்கிலிருந்து வரும் விமானம் நீரிணையைக் கடக்கும் முன் ஜொகூரின் பாசிர் கூடாங்மேல் பறக்க வேண்டும். அங்குத் துறைமுகமும் தொழிற்சாலைகளும் உள்ளன. வழிகாட்டும் கருவி வந்தால் அங்குக் கட்டடங்களின் உயரம் கட்டுப்படும், தன் வான்வெளி உரிமையும் பாதிக்கப்படும் என்றது மலேசியா. பல்லாண்டாகப் பறந்துவரும் பாதையே இது, பன்னாட்டு நெறிகளுக்கு உட்பட்டதே என்றது சிங்கப்பூர். மலேசியா பாசிர் கூடாங்மேல் தடைசெய்யப்பட்ட வான்பகுதியை அறிவித்தது. புதிய முனையம் அட்டவணைப் பயணிகள் இன்றிக் காத்திருந்தது.

2019 ஏப்ரலில் இரு நாடுகளும் உடன்பட்டன. சிங்கப்பூர் அக்கருவி வழிமுறையை மீட்டுக்கொண்டது. மலேசியா தன் தடையைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. செயற்கைக்கோள் துணைகொண்டு இறங்கும் வேறு வழிமுறை வகுக்கப்பட்டது. அம்மாதமே சுபாங்கிலிருந்து விமானம் சிலேத்தாருக்கு வந்தது. ஒரு சிறிய நிலையத்தின் ஓடுபாதை தன் நாட்டுக்குள் முடிந்தாலும், அதன் வானம் அண்டை நாட்டில் தொடங்குகிறது. நல்லுறவு இன்றிச் சிறிய நாட்டின் சிறிய நிலையம் இயங்க முடியாது என்பதே அந்த ஐந்து மாதங்கள் தந்த பாடம்.

நிலையத்தின் சொற்கள்

இனி நம் துறைக்குத் திரும்புவோம். விமான நிலையம் என்பது சொற்கள் பிறக்கும் களமும் ஆகும். 'ஓடுபாதை', 'முனையம்', 'விமானி' ஆகியவை பிறமொழிக் கருத்துக்கு ஈடாகப் படைக்கப்பட்டவை. ஆயினும் தமிழின் இயல்போடு ஒட்டியமையால் யாரும் அவற்றைப் புதியன என்று உணர்வதில்லை. 'வானூர்தி' வேறு வகையினது. புறநானூற்றின் 27ஆம் பாடலில், பாகன் செலுத்தாது தானே செல்லும் வானவூர்தி பற்றிய குறிப்பு உண்டு. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறி வானில் தப்புகிறாள். பழஞ்சொல்லை மீட்டெடுத்துப் புதுப்பொருளுக்குச் சூட்டியதே 'வானூர்தி'. வழக்கில் 'விமானம்' முந்துகிறது. எழுத்தில் இரண்டும் வாழ்கின்றன. எது தூயது என்று வாதிடுவதினும், எது எங்கு வழங்குகிறது என்று அறிவதே மாணவருக்குப் பயன் தரும்.

எல்லை கடக்கும் இடத்துக்குரிய சொல்லைப் பாருங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'குடிநுழைவு'. இலங்கையில் 'குடிவரவு, குடியகல்வு'. தமிழகத்தில் பெரும்பாலும் 'குடியேற்றம்'. மூன்றும் தமிழே. ஒவ்வொரு நாட்டின் அலுவலகமும் ஆசிரியரும் செய்தித்தாளும் சேர்ந்து ஆக்கியவை. இங்கு வாழும் தமிழர் தாமே சொல் ஆக்கி நிலைநிறுத்தினர் என்பதற்குக் 'குடிநுழைவு' ஒரு சான்று. நம் மாணவர் அதனைப் பிழையென்று கருதித் திருத்த வேண்டியதில்லை.

சொல் எங்கு, எந்த வரிசையில் எழுதப்படுகிறது என்பதும் சிறு செய்தி அன்று. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் பலாலியில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது, பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இடம்பெற்றது. அதனைச் சிலர் எதிர்த்தனர், பலர் போற்றினர். சென்னையிலிருந்து அங்குச் சென்றதும் சிலேத்தாருக்கு வருவதைப் போன்ற ஏடிஆர் விமானமே. போரால் பிரிந்த மக்களுக்கு அந்தச் சிறு நிலையமும் அதன் பலகையும் எவ்வளவு பொருளுடையன என்பதை நாம் உணர முடியும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில் வாழும் நமக்கு எழுதும் உரிமை இருக்கிறது. எழுதுவதற்குரிய செய்தியைத்தான் நாம் இழந்துவருகிறோம்.

முடிவுரை

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சியில் மாணவர்களைச் சாங்கியின் சிறப்பைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். அதனை எழுதப் பலர் இருக்கின்றனர். தம் வீட்டு முதியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லுங்கள். எங்கு வேலை செய்தீர்கள்? அங்குக் கையாண்ட பொருள்களை எவ்வாறு அழைத்தீர்கள்? உடன் உழைத்த சீனரோடும் மலாய்க்காரரோடும் எந்த மொழியில் பேசினீர்கள்? விடைகளை அவர்கள் சொன்ன வடிவிலேயே எழுதச் சொல்லுங்கள்; கொச்சை என்று திருத்த வேண்டா. தளங்கள் மூடப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கு இளைஞராக உழைத்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. இப்பணிக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ஒரு விடுமுறை நாளில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நின்று பெருமாள் கோயில் விமானத்தைப் பாருங்கள். பின்னர் ஜாலான் காயு வழியே சிலேத்தார் சென்று, அங்கு இறங்கும் விமானத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் மாணவர் எழுதிய அந்த ஒற்றை வரியும் ஒரு பகுதி. அவரது தாத்தாவைப் பற்றி இனி யாரும் கேட்டறிய இயலாது. மற்றவர்களின் தாத்தா பாட்டிமாரிடம் இன்றே கேட்கலாம்.